கடுங்காற்றையும் கொந்தளிப்பையும் தாங்குவது கனத்த பந்தயப் படகா, இலகுவான படகா?

நீரோடிக்காரன் எழுதியது:

அண்ணன்மார் அனைவருக்கும் வணக்கம். நான் குமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், கேரளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீரோடியைச் சேர்ந்தவன். கொச்சியில் ஒரு படகுப் பட்டறையில் ஃபைபர் வேலை செய்கிறேன். எங்கள் பட்டறையில் இப்போது இரண்டு பாய்மரப் படகுகள் பழுதுபார்ப்புக்காக அருகருகே ஏற்றி வைக்கப்பட்டுள்ளன. ஒன்று 36 அடி நீளமுள்ள பழைய படகு. அதன் ஏராக்கட்டை, அதாவது படகின் அடியில் நீருக்குள் இறங்கி நிற்கும் பகுதி, முன்முனையான அணியத்துக்குச் சற்றுப் பின்னே தொடங்கிப் பின்முனையான அமரம் வரைக்கும் நீண்டு செல்கிறது. அந்த ஏராவின் பின்விளிம்பிலேயே சுக்கான் பொருத்தப்பட்டிருக்கிறது. மற்றது 40 அடி நீளமுள்ள புதிய பந்தயப் படகு. அதன் அடிப்பகுதி தட்டையாகவும் அமரம் மிக அகலமாகவும் இருக்கின்றன, ஏரா நடுவில் மட்டும் கத்தியைப் போலக் கீழிறங்கி, நுனியில் ஓர் ஈயக் குண்டைத் தாங்கி நிற்கிறது, சுக்கான்கள் இரண்டு. நீளத்தில் பெரியதாக இருந்தும் இதன் எடை பழைய படகைவிடக் குறைவு.

புதிய படகின் உரிமையாளர் அடுத்த பருவத்தில் வெளிநாட்டில் ஓர் ஆழ்கடல் பந்தயத்தில் கலந்துகொள்ளவிருக்கிறார். பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர் குழுவில் வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறார். வீட்டில் சொன்னபோது, நாற்பது ஆண்டுகள் தங்கல் தொழில் (பல நாட்கள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது) செய்த என் அப்பா, கனமில்லாத படகைக் கடல் தேங்காய் நெற்றைப் போல உருட்டிவிடும், போவதானால் பக்கத்தில் நிற்கும் பழைய படகில் போ என்றார். பட்டறையில் உள்ள மூத்தவர்களோ, இன்றைய பந்தயங்களில் கனத்த படகுகளைக் காண்பதே அரிது என்கிறார்கள். 2018-இல், தனியாளாக நிறுத்தாமல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் நம் நாட்டு அபிலாஷ் டோமி ஓட்டிய துரியா பழைய அமைப்பிலான படகுதான். அதுவும் இந்தியப் பெருங்கடலில் உருண்டு பாய்மரம் முறிந்தது. அப்படியானால் இந்த இரண்டு வகைப் படகுகளும் கடுங்காற்றிலும் பெருங்கடல் அலைகளிலும் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். போவதா வேண்டாமா என்பதை அதன் பிறகே முடிவு செய்ய விரும்புகிறேன்.

குழித்துறையான் எழுதியது:

தம்பி, நான் படகு வடிவமைப்புத் துறையில் வேலை செய்பவன். உங்கள் அப்பா சொன்னதையும் பட்டறையில் சொன்னதையும் நான் தள்ளிவிட மாட்டேன். இருவரும் வெவ்வேறு ஆபத்துகளை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். முதலில் காற்றையும் அலையையும் தனித்தனியே பார்க்க வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மீது விழும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 20 கடல்மைல் காற்றில் இதமாக ஓடும் படகு 40 கடல்மைல் காற்றில் அதே பாயோடு நிற்க முடியாது என்பதற்கு இதுவே காரணம். ஆனால் பாயைச் சுருக்கலாம், மேலும் தேவையானால் முழுவதும் இறக்கிவிட்டுக் கைக்குட்டை போன்ற புயல்பாயை ஏற்றலாம். ஆகவே காற்று எவ்வளவு கடுமையாக இருந்தாலும் ஆட்கள் செய்யக்கூடியது ஏதாவது மிச்சம் இருக்கிறது. உடைந்து விழும் அலைக்கு அப்படிப்பட்ட மருந்து இல்லை.

1979 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலான கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. புயலில் சிக்கிப் பந்தய வீரர்கள் 15 பேர் இறந்தார்கள். அதன் பிறகே கவிழ்வதைப் பற்றிய ஆராய்ச்சி முறையாக நடந்தது. சவுதாம்ப்டனில் மாதிரிப் படகுகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு, பக்கவாட்டில் உடையும் அலைகளை மோதவிட்டுப் பார்த்தார்கள். அலையின் உயரம் படகின் நீளத்தில் 30 விழுக்காட்டை எட்டியபோதே சில மாதிரிகள் உருண்டன. 60 விழுக்காட்டை எட்டியபோது எந்த வடிவமும் தப்பவில்லை. உங்கள் பட்டறையின் 36 அடிப் படகுக்கு இதைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 11 அடியும் 22 அடியும் வரும். 40 அடிப் படகுக்கு 12 அடியும் 24 அடியும் வரும். நீங்கள் கனத்தையும் ஏராவையும் ஒப்பிட்டுக் கேட்கிறீர்கள். அலையைப் பக்கவாட்டில் வாங்கினோமா, அணியத்திலோ அமரத்திலோ வாங்கினோமா என்பது அவற்றைவிடப் பெரிய கேள்வி என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

உருளும் விதத்தைக் கூறுகிறேன். அலையின் முகடு உடையும்போது அங்குள்ள நீர் முன்னோக்கிப் பாய்ந்து படகின் விலாவில் மோதுகிறது. கீழே ஏரா நிற்கும் நீருக்கோ அந்த வேகம் இல்லை. மேலே தள்ளப்படும் படகு கீழே ஏராவினால் தடுக்கப்படுவதால், ஓடுபவன் காலில் கயிறு சிக்கியதைப் போல இடறிச் சாய்கிறது. அந்த நேரத்தில் படகு எளிதில் உருளாமல் நிற்பதற்குப் பாய்மரம் பெரிய உதவி செய்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நடுவிலிருந்து வெகு தொலைவில் உயரத்தில் இருக்கும் எடை, நடனக்காரர் விரித்த கைகளைப் போல, திடீர்ச் சுழற்சியை மந்தப்படுத்துகிறது. அதனால்தான் ஒருமுறை உருண்டு மரத்தை இழந்த படகு, அடுத்த அலையில் முன்னைவிட எளிதாக உருளும் நிலைக்கு வந்துவிடுகிறது.

இனி உங்கள் இரண்டு படகுகளுக்கு வருகிறேன். அகலமான இலகுப் படகு சிறிய சாய்வில் மிகவும் திடமாக நிற்கும். அகலமே அதற்கு வலு. ஆனால் அந்த அகலம் தலைகீழாகும்போது எதிரியாகிறது, ஏனெனில் தட்டையான அகன்ற மேல்தளம் தெப்பத்தைப் போலத் தலைகீழ் நிலையிலேயே நிலைத்துவிடும். 1996-97-இல், தனியாளாக உலகைச் சுற்றும் வாந்தே குளோப் பந்தயத்தில் 60 அடி நீளமுள்ள அகலமான படகுகள் சில தெற்குப் பெருங்கடலில் இப்படித் தலைகீழாகவே மிதந்தன. ஏராவையே இழந்து கவிழ்ந்த படகின் உள்ளே பல நாட்கள் உயிரோடு இருந்த டோனி புல்லிமோரை ஆஸ்திரேலியக் கடற்படை மீட்டது. அதன் விளைவாக, அந்த வகைப் படகுகள் தலைகீழாகப் புரட்டப்பட்ட நிலையிலிருந்து தாமாகவே நிமிர முடியும் என்று சோதனையில் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. ஒடுக்கமான, கனத்த, உயர்ந்த அறைக்கூரையுள்ள பழைய படகு எளிதில் சாயும். காற்று சற்றுக் கூடினாலும் விளிம்பு நனையும். ஆயினும் தலைகீழானால் அந்த நிலையில் அது நிலைகொள்ளாது, அடுத்த அலையே அதை நிமிர்த்திவிடும்.

எந்தச் சாய்வு வரைக்கும் ஒரு படகு தன் பலத்தால் மீளும் என்பதை ஒரு கோணமாகக் கணக்கிட்டு அதன் ஆவணத்தில் எழுதியிருப்பார்கள். பெருங்கடல் தகுதி பெறும் படகுக்கு அது எந்த நிலையிலும் 100 பாகைக்குக் குறையக்கூடாது என்பது சர்வதேசத் தரம். இலகுவான படகுகளுக்கு அந்தத் தரம் அதைவிடக் கூடுதலாகவே கேட்கிறது. நீங்கள் ஏறப்போகும் படகின் அந்த எண்ணை உரிமையாளரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

களியக்காவிளை வாசி எழுதியது:

குழித்துறை அண்ணன் படகு நின்ற இடத்தில் அலையை வாங்கும் நிலையை விளக்கிவிட்டார். நான் ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த ஆண்டுகளில் 40 அடிப் படகுகளில் குழுவினராகச் சில ஆழ்கடல் பந்தயங்களில் ஓடியிருக்கிறேன், ஆகவே ஓட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆழ்கடலில் ஓர் அலையின் வேகத்தை அறிய எளிய வழி உண்டு. ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை நொடிகள் ஆகின்றன என்று எண்ணி மூன்றால் பெருக்கினால், அது மணிக்கு எத்தனை கடல்மைல் ஓடுகிறது என்பது கிடைக்கும். பத்து நொடி அலை ஏறத்தாழ 30 கடல்மைல் வேகத்தில் வரும். நீண்ட ஏரா உள்ள 36 அடிப் படகு எவ்வளவு காற்று அடித்தாலும் ஏறத்தாழ ஏழு கடல்மைலுக்கு மேல் நிலையாக ஓடாது. நீரை ஒதுக்கித் தள்ளி ஓடும் படகின் வேகத்தை அதன் நீர்க்கோட்டு நீளமே, அதாவது நீர்மட்டத்தில் அளந்த நீளமே, கட்டுப்படுத்துகிறது. ஆகவே அதற்குப் பின்னால் வரும் ஒவ்வோர் அலையும் 23 கடல்மைல் வேக வித்தியாசத்தில் வந்து அமரத்தை இடிக்கிறது. இலகுப் படகு நீரின் மேலேறிச் சறுக்கி 18, 20 கடல்மைல் ஓடும்போது அந்த வித்தியாசம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. இடியும் அந்த அளவுக்கு மெலிகிறது. நல்ல சுக்கான்காரர் இருக்கும்வரை பின்காற்றில் வேகமே பாதுகாப்பு என்று பந்தயக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

நல்ல சுக்கான்காரர் இருக்கும்வரை என்பதை அழுத்திச் சொல்கிறேன். சறுக்கி இறங்கும் படகின் அணியம் முன்னலையின் முதுகில் புதைந்து, அமரம் மேலே தூக்கப்பட்டால், படகு ஒரே நொடியில் பக்கவாட்டில் திரும்பி அடுத்த அலைக்கு விலாவைக் கொடுத்துவிடும். அகலமான அமரம் சாயும்போது நடுச்சுக்கான் நீரைவிட்டு மேலே வந்துவிடும் என்பதால்தான் உங்கள் பட்டறையில் நிற்கும் படகுக்கு இரண்டு சுக்கான்கள் வைத்திருக்கிறார்கள். சாய்ந்த பக்கத்தில் உள்ளது எப்போதும் நீரில் இருக்கும். இரவில், மழையில், நான்கு மணி நேரம் அப்படி ஓட்டுவதற்கு ஒரு குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். அவர்கள் களைத்துப்போனால் அந்த இலகுப் படகின் பாதுகாப்பும் தீர்ந்துபோகிறது. நீண்ட ஏராப் படகோ சுக்கானைக் கட்டிவைத்துவிட்டாலும் வெகுநேரம் தன் பாதையிலேயே போகும். தனியாகச் செல்வோருக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

எதிர்காற்றில் நிலைமை தலைகீழாகும். தட்டையான அடிப்பகுதி ஒவ்வொரு முகட்டிலிருந்தும் பள்ளத்தில் அறைந்து விழும். உள்ளே படுத்திருப்பவர் பலகையிலிருந்து தூக்கி எறியப்படுவார். கூரிய அடிப்பகுதியுள்ள கனத்த படகு அதே அலையை வெட்டி மெல்ல இறங்கும். ஆஸ்திரேலியாவின் 1998 சிட்னி-ஹோபார்ட் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 628 கடல்மைல் தூரம். 115 படகுகள் புறப்பட்டு 44 மட்டுமே கரை சேர்ந்தன. ஐந்து மூழ்கின, 55 பேர் மீட்கப்பட்டார்கள், ஆறு பேர் இறந்தார்கள். வழியில் உள்ள பாஸ் நீரிணையின் ஆழம் சராசரியாக 60 மீட்டர்தான். அதன் வாயிலில் தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டமும் உண்டு. அந்த நீரோட்டத்துக்கு எதிர்முகமாகக் காற்று அடித்தால் அலைகள் நெருங்கிக் குத்தாக எழும். அன்று மூழ்கியவற்றில் 1942-இல் கட்டப்பட்ட கனத்த மரப்படகான வின்ஸ்டன் சர்ச்சிலும் ஒன்று. படகுக்கேற்பத் திருத்திய நேரக் கணக்கில் ஒட்டுமொத்த வெற்றி பெற்றதோ வெறும் 35 அடி நீளமுள்ள ஏஎஃப்ஆர் மிட்நைட் ராம்ப்ளர். அதனால் இலகுவே மேல் என்று நான் சொல்ல வரவில்லை; அதே வானிலையில் இரண்டு வகைகளிலும் படகுகள் அழிந்தன. ஒவ்வொரு பெரிய அலையையும் பார்த்து அணியத்தை அதற்குத் திருப்பிக்கொடுக்க ஒருவர் விழித்திருப்பது, ஏராவின் வடிவம் செய்யாத வேலையைச் செய்கிறது.

மூன்று உடல் கொண்ட பெரும் படகுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு வரி. அவை அதிகம் சாய்வதில்லை என்பதே அவற்றின் ஆபத்து. எச்சரிக்கையாகச் சாய்ந்து காட்டாமல் ஒரேயடியாகக் கவிழும், கவிழ்ந்தால் நிமிராது, ஆனால் ஈயம் இல்லாததால் மூழ்கவும் மூழ்காது. நம் ஊர்க் கட்டுமரம் என்ற சொல்லே உலகமெங்கும் இரட்டைப் படகுக்குப் பெயராகிவிட்டது. கரையலையில் கவிழ்ந்த கட்டுமரத்தை நம்மவர்கள் தோளால் தள்ளிப் புரட்டி மீண்டும் ஏறிக்கொள்வார்கள். 32 மீட்டர் நீளமுள்ள பந்தயப் படகை அப்படிப் புரட்ட யாராலும் முடியாது.

தூத்தூர் தங்கல் எழுதியது:

நான் பாய்மரப் பந்தயம் பார்த்தவன் அல்லன். இருபத்தைந்து ஆண்டுகளாகச் சுறாத் தூண்டிலுக்கு ஆழ்கடல் போகிறவன். தம்பியின் அப்பா சொன்ன நெற்று உவமையை நான் சற்று மாற்றிச் சொல்வேன். நெற்று எவ்வளவு உருண்டாலும் மூழ்குவதில்லை. உள்ளே நீர் புகும் வழி இல்லாத எதுவும் வெகுநேரம் தாங்கும். மேலே அண்ணன் குறிப்பிட்ட 1979 பந்தயத்தில் ஆட்கள் கைவிட்டுச் சென்ற படகுகள் 24 என்றும், அவற்றில் மூழ்கியவை ஐந்து மட்டுமே என்றும் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. படகு மிதந்துகொண்டிருந்தது, அதை நம்பாமல் உயிர்காப்புத் தெப்பத்துக்கு மாறியவர்களில் சிலர் கரை திரும்பவில்லை.

ஒக்கிப் புயல் வந்த இரவில், 2017 நவம்பர் 30-இல், எங்கள் விசைப்படகு கரைக்கு வெகு தொலைவில் இருந்தது. இயந்திரம் ஓடும்வரை அணியத்தை அலைக்குக் கொடுத்து, முன்னேறாமலும் பின்வாங்காமலும் மெதுவாகப் பிடித்து நின்றோம். நள்ளிரவுக்குப் பின் இயந்திரம் நின்றது. அடுத்த கணமே படகு விலாவைக் காட்டத் தொடங்கியது. நங்கூரக் கயிற்றில் பழைய கயிற்றுச் சுருள்களையும் தூண்டில் மிதவைகளையும் கட்டி அணியத்திலிருந்து இறக்கினோம். அந்த இழுவை அணியத்தை மறுபடியும் காற்றுக்கு நேராகத் திருப்பிக்கொடுத்தது. விடியும்வரை கயிறு உராயும் இடத்தில் சாக்குத் துணியை மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டிருந்ததே எங்கள் வேலை. எங்களுக்கு விடிந்தது, பக்கத்து ஊர்களில் பலருக்கு விடியவில்லை.

இதே முறையைப் பாய்மரப் படகுக்காரர்கள் அமரத்தில் செய்கிறார்கள் என்று பின்னர் அறிந்தேன். மும்பையில் தேக்கில் கட்டிய 32 அடி சுஹைலியில் 1968-69-இல் நிறுத்தாமல் உலகைச் சுற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் பின்னால் நீண்ட கயிறுகளை இழுத்துக்கொண்டுதான் தெற்குக் கடலின் அலைகளைக் கடந்தார். இப்போது நூற்றுக்கு மேற்பட்ட சிறு துணிக்கூம்புகள் கோத்த கயிறே விற்கிறார்களாம். தம்பி, அந்தக் கயிற்றைக் கட்டும் வளையமும் அது உராயும் விளிம்பும் எவ்வளவு உறுதியாக இருக்கின்றன என்பதைப் பட்டறையிலேயே பாருங்கள். கயிறு போனால் படகின் நிலை நொடியில் மாறும்.

நீரோடிக்காரன் எழுதியது:

அண்ணன்மாரே, ஒவ்வொரு பதிலையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கயிற்றில் சாக்கு சுற்றிய இடத்தில் அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். அந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் காத்திருந்தோம். உரிமையாளரிடம் ஆவணத்தைக் கேட்டேன். மீளும் கோணம் 121 பாகை என்று இருக்கிறது. துரியா உருண்டது அதன் பழைய வடிவத்தின் குறையாலா என்ற சந்தேகம் மிச்சம் இருக்கிறது. இரண்டாவதாக, இந்தப் படகு சென்ற ஆண்டு ஒரு பாறைத் திட்டில் தட்டியதாகவும், பிறகு ஏராவின் அடியில் பூசிச் சரிசெய்ததாகவும் உரிமையாளர் சாதாரணமாகச் சொன்னார். அதைப் பற்றி நான் கவலைப்பட வேண்டுமா?

குழித்துறையான் எழுதியது:

தம்பி, 121 நல்ல எண். துரியாவுக்கு நேர்ந்தது வடிவத்தின் குறை என்று நான் கருதவில்லை. அந்தப் பந்தயத்தில் அனைவருமே 1988-க்கு முன் வடிவமைக்கப்பட்ட, 32 முதல் 36 அடி வரையிலான நீண்ட ஏராப் படகுகளில்தான் சென்றார்கள். அவற்றில் ஐந்து படகுகள் மரத்தை இழந்தன, ஐந்து பேர் மட்டுமே முடித்தார்கள். தெற்குக் கடலின் உடையும் அலைக்கு அந்த நீளம் போதாது என்பதே நான் முன்பு சொன்ன கணக்கு. ஆனால் உருண்ட பிறகும் துரியா மூழ்கவில்லை. முதுகெலும்பு நொறுங்கிய மனிதரை மூன்று நாட்கள் உள்ளே வைத்துக் காத்தது, செப்டம்பர் 24-இல் ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்கும்வரை. அதே அபிலாஷ் 2023-இல் அதே பந்தயத்தில் மறுபடியும் நீண்ட ஏராப் படகிலேயே 236 நாட்களில் இரண்டாவதாக வந்தார்.

பாறையில் தட்டியதைப் பற்றி நிச்சயமாகக் கவலைப்பட வேண்டும். உங்கள் கைத்தொழில் தெரிந்தவர்தான் கவலைப்படவும் முடியும். கத்தி போன்ற ஏராவின் முன்விளிம்பு பாறையில் இடித்தால், ஏராவின் பின்முனை மேல்நோக்கி நெம்பப்படுகிறது. வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல், உள்ளே அடித்தளத்தில் ஒட்டப்பட்ட விலாச் சட்டகம் தோலிலிருந்து பிரிந்துபோகலாம். 2014 மே மாதத்தில் சீக்கி ரஃபிக்கி என்ற 40 அடி வகைப் படகு அட்லாண்டிக்கின் நடுவில் ஏராவை இழந்து கவிழ்ந்தது. அதிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். ஏரா போன படகுக்கு மீளும் கோணம் என்று எதுவும் கிடையாது. வெளியே பூசியதைப் பார்க்காதீர்கள். தரைப்பலகைகளைக் கழற்றி, ஏராவின் பின் போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, சட்டகத்தின் ஓரத்தில் சிறு சுத்தியலால் தட்டும்போது ஓசை மந்தமாக மாறுகிறதா என்று பாருங்கள். போல்ட்டைச் சுற்றித் துருநீர் கசிந்த கறை இருந்தால், ஏராவை இறக்கிப் பார்க்காமல் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

நீரோடிக்காரன் எழுதியது:

இன்று மாலை பலகைகளைக் கழற்றினேன். முன்புறப் போல்ட்டுகள் சுத்தமாக இருக்கின்றன. பின்னிருந்து இரண்டாவது போல்ட்டின் அருகே சட்டகத்தின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஓசை மந்தமாகக் கேட்கிறது; மெல்லிய தகடு ஒன்றைச் செருகினால் உள்ளே போகிறது. உரிமையாளரை அழைத்து அவர் கையாலேயே தட்டிப் பார்க்கச் செய்தேன். ஏராவை இறக்க அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். திங்கட்கிழமை கிரேன் வருகிறது. சட்டகத்தை நானே அரைத்தெடுத்து மறுபடி ஒட்டப்போகிறேன். அப்பாவும் அந்த வேலையைப் பார்க்கக் கொச்சிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.